நாங்க கத்தி கோஷ்டி!

ஸ்டாம்ப் சேர்க்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள், ‘அடேடே!’ என்பார்கள். பழைய காசு சேர்க்கிறேன் என்றால் மரியாதை இன்னும் கூடும். ‘கத்தி சேர்க்கிறேன்’ என்றால் மட்டும் எதிராளி நாற்காலியை ஓர் அடி பின்னுக்குத் தள்ளிப் போட்டுக்கொள்கிறார்.

பயப்படாதீங்க ஸார்! எங்கள் கோஷ்டியில் ஐந்தே பேர். ஒரு பல் டாக்டர், ஒரு கேட்டரிங்காரர், ஒரு காலேஜ் லெக்சரர், பாங்க்கிலிருந்து ரிடையரான பெரியவர், அப்புறம் பி.காம். படித்துவிட்டுப் பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கும் அடியேன். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு பெரியவர் வீட்டு மொட்டை மாடியில் கூடுவோம். நாங்கள் இதுவரை வெட்டிய ஆகப் பெரிய வஸ்து, தர்பூசணி.

சட்டமும் தெரியும். 1959 ஆயுதச் சட்டத்தின் விதிகள்படி, அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ, 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால் லைசென்ஸ் வேண்டும். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் என்று செய்தவற்றுக்கு விலக்கு. (அரிவாள்மணை பிழைத்தது!) எங்களுடையதெல்லாம் பேனாக்கத்தி ஜாதி.

புதுக் கத்தி வந்தால் அன்று பெண் பார்க்கும் படலம்தான். வாங்கினவர் துண்டை விரித்து அதன்மேல் வைப்பார். கைக்குக் கை கொடுப்பதில்லை. கொடுத்தால் சண்டை வரும் என்று பாட்டி சொல்லியிருக்கிறாள். தவிர, விரல் பத்தும் வேண்டுமே! மூடும்போது வரும் ‘டக்’ சத்தத்தை ஆளாளுக்குக் காதருகே வைத்துக் கேட்போம். பிறகு பழைய பேப்பரை அந்தரத்தில் பிடித்து ஒரே இழுப்பு. கிழியக் கூடாது, வெட்டுப்பட வேண்டும்.

அதன்பின் கட்சி பிரியும். டாக்டர் எவர்சில்வர் கட்சி. அதிலிருக்கும் குரோமியம் துருவை அண்ட விடாது. லெக்சரர் கார்பன் ஸ்டீல் கட்சி. சாணைக்கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் கூர் வந்துவிடும் என்பார். வாஸ்தவம்தான். ஆனால் எலுமிச்சம்பழம் பட்டால் கறுத்துப் போகும். மெட்ராஸ் உப்புக் காற்றுக்கு எண்ணெய் தடவியே கை ஓய்ந்துவிடும்.

ஸ்விஸ் கத்தியின் சரித்திரத்தை ஐந்து பேருமே ஒப்பிப்போம். கார்ல் எல்ஸனர் 1884-ல் பட்டறை ஆரம்பித்தார். 1891-ல் ஸ்விஸ் ராணுவத்துக்குக் கத்தி கொடுத்தார். 1909-ல், காலமான அம்மா விக்டோரியாவின் பெயரைக் கத்திக்கு வைத்தார். துருப்பிடிக்காத உருக்கைக் குறிக்கும் ‘இனாக்ஸ்’ 1921-ல் சேர்ந்துகொள்ள, விக்டோரினாக்ஸ்! நம்ம ஊரில் அம்மா பெயரை லாரிக்குத்தான் வைப்பார்கள்.

“வீட்டுல நாப்பத்தொரு கத்தி இருக்கு. தேங்கா கீத்து போட ஒண்ணு தர மாட்டேங்கறீங்க” என்பது என் சகதர்மிணியின் நிரந்தரப் புகார். நியாயமான புகார்.

போன மாதம் பெரியவர் துண்டை விரித்தார். புதுசு இல்லை, அவருடைய பழைய ‘ஒப்பினெல்’ எட்டாம் நம்பர். பிரான்ஸின் ஸவாய் மலைப் பக்கத்தில் ஜோசப் ஒப்பினெல் 1890-ல் செய்ய ஆரம்பித்த ரகம். மரப்பிடி. அலகு மடங்கி விரலைப் பதம் பார்க்காதபடி பூட்டும் வளையம் 1955-ல்தான் வந்தது. முப்பது வருஷம் மாங்காய் நறுக்கி, தீட்டித் தீட்டி, அலகு பாதியாய் இளைத்திருந்தது.

“பையன்கிட்ட போன்ல கேட்டேன். பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுடுங்கப்பான்னுட்டான்” என்றார் பெரியவர். யாரும் பேசவில்லை.

“ஏம்ப்பா, இதை நீ வச்சுக்கோ. ஒரு ரூபா எடு.”

ஐரோப்பாவில் அப்படி ஒரு வழக்கம். கத்தியை இனாமாய்க் கொடுத்தால் நட்பு வெட்டுப்பட்டுவிடுமாம். அதனால் சில்லறை கொடுத்து ‘விலைக்கு’ வாங்குவார்கள். கொடுத்தேன். ரூபாயைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, “ஷோகேஸ்ல வச்சே, திருப்பி வாங்கிடுவேன்” என்றார்.

இன்னும் 60 கத்தி இருக்கிறது அவரிடம். வயசு 74. மாதம் ஒன்றாய் எங்களுக்கே கொடுத்துவிடப் போகிறாராம். “இல்லே, ரெண்டு ரெண்டா குடுத்துடட்டுமா?” என்றார்.

பி.காம். மூளை கணக்குப் போட்டது. மாதம் ஒன்று என்றால் ஐந்து வருஷம்.

“ஒண்ணே போதும் ஸார்” என்றோம், நாலு பேரும் ஒரே குரலில்.