பிழையை யாருக்குச் சொல்வது?

கணினி பற்றி வானொலியில் நான் பேசியதை எழுத்திலும் தரும்படி சிலர் கேட்டிருந்தீர்கள்.

லிட்கமில் வீட்டில் இருந்தபடியே ஒரு சங்கத்தின் இணையத்தளத்தைப் பார்த்து வருகிறேன். தை மாதத்தில் ஓர் இரவு ஓர் அக்கா தொலைபேசி எடுத்தார். "தம்பி, பிள்ளையைத் தமிழ் வகுப்புக்குப் பதியப் போனால் இங்கிலிசிலை என்னவோ வருது." வாசிக்கச் சொன்னேன். தரவுத்தளத்தின் பெயர், அதற்குள் நுழையும் பயனர் பெயர், கோப்பு இருக்கும் இடம் என்று ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். எனக்கு வியர்த்துவிட்டது. அக்கா பார்த்ததை எவரும் பார்க்கலாமே!

பிழை என்னுடையதுதான். பிஎச்பி மொழியில் 'டிஸ்ப்ளே எரர்ஸ்' என்றொரு அமைப்பு உண்டு. எழுதிப் பழகும்போது அதைத் திறந்து வைப்போம். தளம் மக்கள் பாவனைக்குப் போனதும் மூடிவிட வேண்டும், நான் மறந்துபோனேன். 'லொக் எரர்ஸ்' என்ற மற்றது எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். அதுதான் பிழைச் செய்தியை வழங்கியில் ஒரு பதிவேட்டில் எழுதி வைப்பது. பாவிப்பவருக்கு "தடங்கல் ஏற்பட்டுள்ளது, பின்னர் முயலுங்கள்" என்ற ஒரு வரி போதும். பதிவேட்டை இணையத்தளக் கோப்புறைக்கு வெளியே வையுங்கள். உள்ளே வைத்தால் முகவரியை ஊகித்து யாரும் திறப்பார்கள்.

அக்கா முயன்றது இரவு 8.30க்கு. பதிவேட்டில் அந்த நேரத்தில் ஒன்றுமே இல்லை. வழங்கி எழுதியது உலகப் பொது நேரத்தில்; கோடையில் சிட்னி அதற்கு 11 மணித்தியாலம் முந்தியது. காலை 9.30இல் தேடியதும் அகப்பட்டது. கூடவே இன்னொன்றும் அகப்பட்டது: படிவத்தில் நிரப்பிய பெயர், பிறந்த திகதி, தொலைபேசி இலக்கம் அத்தனையையும் என் நிரல் பதிவேட்டில் கொட்டியிருந்தது. உடனே அழித்தேன்.

ஏன் இவ்வளவு பதற்றம் என்பீர்கள். 2014 பெப்ரவரியில் அவுஸ்திரேலியக் குடிவரவுத் திணைக்களம் இணையத்தில் ஏற்றிய புள்ளிவிபர அறிக்கை ஒன்றினுள், தடுப்பில் இருந்த 9,258 பேரின் விபரங்கள் புதைந்திருந்தன. அங்கே பிழைச் செய்தி எதுவும் எழவில்லை. கணினிக்கு எல்லாம் சரியாகவே நடந்தது. அதனால் பிழைப் பதிவேடு உதவாது. யார் எந்தப் பக்கத்தைத் திறந்தார்கள் என்று எழுதும் அணுகல் பதிவேடுதான் பேசியது. அந்த அறிக்கை 104 இணைய முகவரிகளில் இருந்து 123 தடவை திறக்கப்பட்டதாக கேபிஎம்ஜி நிறுவனத்தின் விசாரணை கண்டது.

முகவரி தெரியும், அதன் பின்னால் இருந்த ஆள் தெரியாது. ஊரில் தம்மைத் தேடுகிறவர்கள் பார்த்திருப்பார்களோ என்பதே அந்த மக்களின் பயம். வழக்கு 2016இல் உயர் நீதிமன்றம் வரை போனது. ஊர் அதிகாரிகள் பார்த்திருக்கலாம் என்றே வைத்துக்கொண்டு ஒவ்வொருவரின் ஆபத்தையும் மதிப்பிடும்படி திணைக்கள அலுவலர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது.