ஒட்டகத்தைக் கட்டினோமா?

 

நம் இல்லங்களில் நாள்தோறும் பலமுறை ஒலிக்கும் சொற்றொடர் ஒன்று உண்டு. “அல்லாஹ் பார்த்துக் கொள்வான்” என்பதே அது. பிள்ளையின் படிப்பு, மகளின் நிக்காஹ், வளைகுடாவில் இருக்கும் மகனின் வேலை, வீட்டுப் பெரியவரின் நோய் என எதைப் பற்றிப் பேசினாலும் இறுதியில் இச்சொல்லில்தான் வந்து நிற்போம். ஈமானின் மணம் கமழும் சொல் இது. ஆயினும், இதே சொல்லைச் சொல்லிக்கொண்டே நம் கடமையிலிருந்து நாம் நழுவிவிடவும் கூடும். அவ்வாறு நழுவியவர்களுள் நானும் ஒருவன். ஆகவேதான் இதனை உங்கள் முன் வைக்கிறேன்.

அத்தா சொன்ன சொல்

என் அத்தா இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நீரிழிவு நோயுடன் வாழ்ந்தவர். ஐவேளைத் தொழுகையையும் ஜமாஅத்துடன் நிறைவேற்றியவர். ஆனால் மாத்திரையை ஒழுங்காக உட்கொண்டதில்லை. மருத்துவரிடம் போவோம் என்றால், “அல்லாஹ் பார்த்துக் கொள்வான்” என்று முடித்துவிடுவார். ஒருமுறை அவருடைய காலில் சிறு கொப்புளம் ஒன்று எழுந்தது. அது வலிக்கவில்லை. நெடுநாள் சர்க்கரை நரம்புகளைப் பழுதாக்கினால் பாதத்தின் உணர்ச்சி மங்கிவிடும் என்பதை எங்களில் எவரும் அன்று அறிந்திருக்கவில்லை. புண் உள்ளுக்குள் பரவி, முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க நேர்ந்தது.

ஸுஜூதுக்குக் குனிய இயலாமல் நாற்காலியில் அமர்ந்து தொழுத நாள்களில் ஒருநாள் அவர் கூறினார்: “நான் தவக்குல் வைத்திருக்கிறேன் என்று எண்ணிக்கொண்டிருந்தேன், தம்பி. என் சோம்பலுக்குத்தான் அந்தப் பெயரைச் சூட்டியிருக்கிறேன்.”

அத்தாவின் மறைவுக்குப் பின்னும் நான் பாடம் கற்றேனில்லை. நாற்பதைக் கடந்தபின் எனக்கும் ஓயாத தாகமும் அசதியும் தொடங்கின. இரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள் என்று என் மனைவி பலமுறை வற்புறுத்தினார். நானும் அத்தாவின் அதே விடையைக் கூறிவந்தேன். ஒருநாள் அவர் பொறுமையிழந்து, “ஒட்டகத்தைக் கட்டும் ஹதீஸை வருடாவருடம் மதரஸாப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறீர்களே, அது நம் வீட்டுக்கு இல்லையா?” என்று கேட்டார். எனக்கு மறுமொழி எழவில்லை. மறுநாள் காலை பரிசோதனைக்குச் சென்றேன். வெறும் வயிற்றில் 126 மில்லிகிராம் என்பது நீரிழிவின் எல்லை. எனக்கு 180க்கும் மேலிருந்தது.

வக்கீலும் வக்காலத்தும்

தவக்குல் என்னும் அரபுச் சொல்லின் வேரிலிருந்தே நாம் அன்றாடம் வழங்கும் வக்கீல், வக்காலத்து ஆகிய சொற்களும் வந்தன. அல்லாஹ்வின் அழகிய திருநாமங்களுள் ஒன்று ‘அல் வகீல்’ என்பதை அறிவீர்கள். ஒருவர் வக்காலத்தில் கையொப்பமிட்டுவிட்டு, பத்திரங்களையும் கொடாமல், வரச் சொன்ன நாளில் செல்லாமலும் இருந்தால் அவரைப் பற்றி என்ன நினைப்போம்? மனித வக்கீலுக்கேனும் நம் பத்திரம் தேவைப்படும். வல்ல அல்லாஹ்வுக்கோ நம் முயற்சியால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. இருந்தும் முயற்சியை அவனே நம்மீது கடமையாக்கியிருக்கிறான்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வை நம்புவதா, அவிழ்த்துவிட்டு நம்புவதா என்று வினவியவரிடம், கட்டிவிட்டே நம்பும்படி அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பணித்ததாகத் திர்மிதீயில் பதிவாகியுள்ளது. உண்மையாகத் தவக்குல் வைப்போரைப் பறவைக்கு உவமித்த நபிமொழியும் அதே நூலில் உண்டு. அப்பறவை காலையில் ஒட்டிய வயிற்றுடன் செல்கிறது. மாலையில் நிரம்பிய வயிற்றுடன் திரும்புகிறது. கூட்டிலேயே அமர்ந்திருந்த பறவைக்கு அந்த உவமையில் இடமில்லை.

கி.பி. 622இல் நிகழ்ந்த ஹிஜ்ரத்தை நினைத்துப் பாருங்கள். மதீனாவுக்கு வடக்கே செல்ல வேண்டிய பயணம், தெற்கே உள்ள தவ்ர் குகையை நோக்கித் தொடங்கிற்று. அங்கே மூன்று இரவுகள். ஊர்ச் செய்தி கொண்டுவர அப்துல்லாஹ் பின் அபூபக்ர் (ரலி). பால் கொடுக்க ஆடுகளை ஓட்டிவர ஆமிர் பின் ஃபுஹைரா (ரலி). பயண உணவைக் கட்டித் தர அஸ்மா (ரலி). வழிகாட்ட, அன்று இஸ்லாத்தில் இல்லாதவராயினும் பாலைவழி நன்கறிந்த ஒருவர். இவ்வளவு ஏற்பாடுகளுக்குப் பின்னரும் எதிரிகள் குகை வாயில்வரை வந்துவிட்டார்கள். அபூபக்ர் (ரலி) அவர்கள் கலங்கியபோது, அல்லாஹ் நம்முடன் இருக்கிறான் என்று அண்ணலார் ஆறுதல் கூறினார்கள். ஏற்பாட்டில் குறை வைக்கவுமில்லை. ஏற்பாட்டையே நம்பி நிற்கவுமில்லை.

உடலும் ஓர் அமானிதம்

பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்த அபூதர்தா (ரலி) அவர்களிடம், இறைவனுக்கும், உமக்கும், உம் குடும்பத்துக்கும் உம்மீது உரிமை உண்டு என்று ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்கள் எடுத்துரைத்தார்கள். ஸல்மான் சொன்னது உண்மையே என நபி (ஸல்) அவர்களும் ஆமோதித்ததைப் புகாரீயில் காண்கிறோம். இம்மூன்று உரிமைகளையும் ஒரு வாரத்துக்குள் எவ்வாறு அடக்குவது?

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்வதாக மதிப்பிட்டது. பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிடங்களேனும் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்து நாள்கள் அரைமணி நேரம் நடந்தால் கணக்கு நிறைவுறும். ஸுபுஹு தொழுதபின் தலையணையைத் தேடிய நான், இன்று மருந்துடன் அந்த நடையையும் கைக்கொண்டிருக்கிறேன். என் மனைவி மொட்டை மாடியில் திக்ரு ஓதியபடி நடக்கிறார்.

எங்கள் மதரஸாவுக்கு விடுமுறை வெள்ளிக்கிழமை. என் பிள்ளைகளின் பள்ளிக்கோ ஞாயிற்றுக்கிழமை. ஆண்டுக்கணக்கில் இதையே காரணம் காட்டி, பிள்ளைகளோடு நேரம் செலவிடாமல் இருந்தேன். இப்பொழுது வெள்ளியன்று வாகனத்தை வீட்டில் வைத்துவிட்டு ஜும்ஆவுக்கு மகனுடன் நடந்தே செல்கிறேன். ஞாயிறன்று வகுப்பு முடிந்ததிலிருந்து ளுஹர்வரை உள்ள பொழுது குடும்பத்துக்கு உரியது. உறவினர் வீட்டுக்குச் செல்வோம். அல்லது திடலில் பிள்ளைகளோடு ஓடுவோம். அண்ணலார் தம் துணைவி ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடியதை அபூதாவூதில் படிக்கும் நமக்கு இதில் என்ன கூச்சம்? விருந்துக்குப் போனால், வயிற்றில் ஒரு பங்கு உணவு, ஒரு பங்கு நீர், ஒரு பங்கு மூச்சு என்ற நபிவழியை நினைத்து, இரண்டாம் முறை பிரியாணி வைக்க வரும் கையைத் தடுத்துவிடுகிறேன். ரமளானுக்கு முன்பே மருத்துவரைக் கண்டு, நோன்பு நோற்கலாமா, மருந்தை எந்நேரத்துக்கு மாற்றுவது என்று கேட்டறிந்துகொள்கிறேன். இதுவும் ஒட்டகத்தைக் கட்டுவதே.

கட்டிய பின்

மூன்று மாதம் இவ்வாறு நடந்தபின் மீண்டும் பரிசோதித்தேன். எண் சிறிதே இறங்கியிருந்தது. என் மனம் சோர்ந்துவிட்டது. அன்றிரவு இஷாவுக்குப் பின் பள்ளியிலேயே அமர்ந்திருந்தேன். ஒட்டகத்தைக் கட்டாதிருந்தது முன்பு செய்த பிழை. கயிற்றையே நம்பிவிட்டது இப்போது செய்யும் பிழை என்பது அப்போதுதான் விளங்கிற்று. முயற்சி என் கடமை. முடிவு அவனுடைய உரிமை. மறுநாள் ஸுபுஹுக்குப் பின் மீண்டும் நடக்கத் தொடங்கினேன்.

அன்பர்களே! இன்று உங்கள் வீட்டில் யாரேனும் “அல்லாஹ் பார்த்துக் கொள்வான்” என்று சொன்னால் ஆமீன் கூறுங்கள். கூறியபின், அவருடைய மருந்துச் சீட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பாதத்தில் புண் ஏதும் உண்டா என்று பாருங்கள். என் அத்தாவுக்கு நான் செய்யத் தவறியது அதுதான்.

நம் முயற்சியையும் நம்பிக்கையையும் வல்ல அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக! ஆமீன்.