பழைய காருக்குப் புது எஞ்சின்: முதல் எண்ணெய் எது?

அம்மி கொத்துகிறவர் கொத்திவிட்டுப் போனதும், அதில் உடனே தேங்காய்த் துவையல் அரைப்பவர் உண்டா? இல்லை. கொஞ்சம் தவிடோ, கல் உப்போ வைத்து அரைத்து, கழுவிக் கொட்டுவார்கள். பொடிக்கல் எல்லாம் போய், அம்மியும் குழவியும் ஒன்றோடொன்று பழகிய பிறகுதான் சமையல்!

பிரித்துக் கட்டிய மோட்டார் எஞ்சினுக்கும் இதே கதைதான்.

பூதலூர், தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் நடுவே உள்ள ரயிலடி ஊர். கல்லணையிலிருந்து பிரியும் தண்ணீரால் விளையும் நெல் வயல்கள் சூழ்ந்த பூமி. கல்யாணம், பிரசவம், தேர்தல் எதுவானாலும் அம்பாசிடர் கார் ஏறாதவர்கள் இந்தப் பக்கத்தில் குறைவு. 1957-ல் வங்காளத்து உத்தர்பாராவில் பிறந்த கார் அது. 2014-ல் உற்பத்தி நின்றது. ஆனால் தாத்தா வாங்கிய காரை விற்க யாருக்கு மனம் வரும்? பேரப்பிள்ளைகள் பணம் சேர்த்து, லேத் பட்டறையில் சிலிண்டரைக் கடைந்து, புது பிஸ்டன், புது ரிங் போட்டு எஞ்சினைக் கட்டிவிடுகிறார்கள்.

இனி எண்ணெய் ஊற்ற வேண்டும். "விலை உயர்ந்ததாக ஊற்று, நம் வண்டிக்கு என்ன குறைச்சல்?" என்பார் வீட்டுப் பெரியவர். அங்கேதான் ஆபத்து!

வழுக்கினால் கெட்டது

கடைந்த சிலிண்டரின் உட்சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல் போடுவார்கள். அதுதான் அம்மிக் கொத்து. பிஸ்டன் ரிங் அந்தச் சுவரில் உரசி உரசி, தனக்கேற்ற இடம் பிடிக்க வேண்டும். முதல் சில நூறு கிலோமீட்டருக்குள் இது நடந்தாக வேண்டும்.

உயர்ந்த விலைக்கு விற்கும் சிந்தெடிக் எண்ணெய் மிகவும் வழுக்கும். உரச வேண்டிய ரிங் உரசாமலே நழுவும். பிறகு சுவரில் எண்ணெய் தீய்ந்து கண்ணாடி போல் படியும். கீறல் மூடிவிடும். அப்புறம் புகைக்குழாயில் நீலப் புகைதான்! ஆகவே முதலில் ஊற்ற வேண்டியது சாதாரண மினரல் எண்ணெய். டப்பாவில் 20டபிள்யூ-50 என்று போட்டிருக்கும். டபிள்யூ என்றால் குளிர்காலம். குளிரில் 20 நம்பர் எண்ணெய் போல ஓடும். சூடேறினால் 50 நம்பர் போலக் கெட்டியாக நிற்கும். தஞ்சைச் சீமையின் மார்கழிக்கும் சித்திரைக்கும் இது தாராளமாகப் போதும்.

துத்தநாகம் செய்யும் காவல்

ரிங்கைவிடப் பெரிய கண்டம் கேம் ஷாப்டுக்கு. முட்டை வடிவ மேடுகள் கொண்ட இரும்புத் தண்டு அது. ஒவ்வொரு மேடும் தட்டையான டாப்பெட்டைத் தள்ளி வால்வைத் திறக்கிறது. அம்பாசிடரின் பழைய 1489 சி.சி. எஞ்சினில் இந்த அமைப்புத்தான். இரும்போடு இரும்பு நேராகத் தேய்கிறது. எஞ்சின் நிமிஷத்துக்கு 2000 சுற்று சுற்றினால் கேம் 1000 சுற்றும். இருபது நிமிஷத்தில் ஒவ்வொரு மேடும் 20,000 தடவை தேய்த்துவிடும்!

இந்தத் தேய்மானத்தைத் தடுக்க, எண்ணெயில் துத்தநாகமும் பாஸ்பரசும் சேர்ந்த மருந்து ஒன்று கலந்திருக்கிறது. சூட்டிலும் அழுத்தத்திலும் அது இரும்பின்மேல் மெல்லிய தோலாகப் படிகிறது.

ஆனால் புதுக் கார்களின் புகைக்குழாயில் புகையைச் சுத்திகரிக்கும் கருவி இருக்கிறது. பாஸ்பரஸ் அதைக் கெடுக்கும். ஆகவே 2004-ல் வந்த எஸ்.எம். தர எண்ணெய் முதல், 30 நம்பர் போன்ற மெல்லிய வகைகளில் பாஸ்பரஸ் நூற்றுக்கு 0.08 பங்குக்கு மேல் கூடாது என்று கட்டுப்படுத்திவிட்டார்கள். புதுக் காருக்கு அது நியாயம். தாத்தா காருக்கு அந்தக் கருவியே கிடையாதே! 20டபிள்யூ-50 எண்ணெயை அந்தக் கட்டுப்பாடு தொடவில்லை என்பது இன்னொரு லாபம். டப்பா முத்திரையில் எரிபொருள் சிக்கனம் என்ற வாசகம் இருந்தால் அந்த டப்பாவைக் கடையிலேயே வைத்துவிட்டு வரலாம்.

துத்தநாக மருந்தைத் தனியாக வாங்கி ஊற்றுவோரும் உண்டு. அளவு மிஞ்சினால் அதுவும் கெடுதல்தான்.

விளக்கெண்ணெயும் ஒரு காலத்தில் எஞ்சின் எண்ணெயாக இருந்தது! இங்கிலாந்தில் சார்லஸ் வேக்பீல்டு 1899-ல் தொடங்கிய கம்பெனி, ஆமணக்கெண்ணெய் கலந்து செய்த சரக்குக்கு அதன் ஆங்கிலப் பெயரை ஒட்டியே காஸ்ட்ரால் என்று பெயர் வைத்தது. பந்தயக் கார்களும் முதல் உலகப் போர் விமானங்களும் விளக்கெண்ணெயில் ஓடின. பிசின் போல ஒட்டிக்கொள்வது அதன் குற்றம். மினரல் எண்ணெயோடும் சரியாகக் கலக்காது. எனவே இன்று யாரும் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

முதல் இருபது நிமிஷம்

கட்டும்போதே கேம் மேடுகளில் கருப்புப் பசை தடவ வேண்டும். பெட்ரோல், ரேடியேட்டர் தண்ணீர், பற்றவைக்கும் டைமிங் எல்லாம் முன்னரே சரியாக இருக்க வேண்டும். ஸ்டார்ட்டரை வெகுநேரம் சுழற்றினால் பசை வழிக்கப்பட்டுவிடும்.

பற்றியதும் மெதுவாக உறுமவிட்டு ரசிக்கக் கூடாது! கேம் மேட்டுக்கு எண்ணெய் பெரும்பாலும் தெறித்துத்தான் போகிறது. வேகம் இல்லையேல் தெறிப்பு ஏது? 1500-க்கும் 2500-க்கும் இடையே சுற்றை மாற்றி மாற்றி, இருபது முதல் முப்பது நிமிஷம் ஓட்ட வேண்டும். இதில் தவறினால் மேடு மழுங்கும். இரும்புத் தூள் பேரிங் வரை போகும். செலவழித்த பணம் அத்தனையும் வீண். மறுபடி பிரிக்க வேண்டியதுதான்.

உடனே அந்த எண்ணெயை வடித்து, பில்டரையும் மாற்றிவிட வேண்டும். "புது எண்ணெயாச்சே!" என்று தயங்குவது தவறு. வெயிலில் பிடித்துப் பார்த்தால் அதில் இரும்புத் தூள் மினுமினுக்கும்.

அடுத்து 500 கிலோமீட்டர், அதே மினரல் எண்ணெயில். செங்கிப்பட்டி போய்ப் பெரிய சாலையில் ஒரே வேகத்தில் திருச்சிக்கு விடுவதைவிட, திருக்காட்டுப்பள்ளிச் சாலையில் கியரை மாற்றி, ஏற்றி இறக்கி ஓட்டுவது மேல். எஞ்சின் கொஞ்சம் பாரம் இழுத்தால்தான் வாயு அழுத்தம் ரிங்கைச் சுவரோடு ஒட்ட வைக்கும். வயலில் தண்ணீர் இறைக்கும் ஆயில் எஞ்சினைப் போர் அடித்துக் கட்டியவர்களும் இதைக் கவனிக்கலாம்: பம்பு மாட்டாமல் சும்மா ஓடவிட்டால் அதன் சுவரும் கண்ணாடியாகிவிடும்.

500-ல் ஒருமுறை, 1500-ல் ஒருமுறை எண்ணெய் மாற்றியபின், அளவுக்கம்பியை உருவிப் பார்த்தால் அளவு இறங்காமல் நிற்க வேண்டும். நின்றால் ரிங் பிடித்துவிட்டது என்று அர்த்தம். சிந்தெடிக் ஊற்றியே தீருவேன் என்பவர் அதற்குப் பிறகு ஊற்றலாம். அம்பாசிடர் அதைக் கேட்காது என்பது வேறு விஷயம்.