தூறல் தொடங்கும் நேரம்

கிள்ளானிலிருந்து ஷா ஆலமில் உள்ள கல்லூரிக்கு ஹோண்டா இஎக்ஸ்5 மோட்டார் சைக்கிளில்தான் போகிறேன். அண்ணன் ஓட்டிய பழைய வண்டி. பேருந்துக்குக் காத்திருக்க வேண்டாம். நினைத்தால் மொரிப் கடற்கரைவரை போய் வரலாம். அந்தச் சுகமே தனி!

சென்ற மாதம், கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் சைக்கிள் பாதையில் விழுந்தேன். அப்போதுதான் தூறத் தொடங்கியிருந்தது. சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் முதல் தூறலில் கலந்து வழுக்கும். கனமழை கழுவிய பிறகு ஓரளவு பரவாயில்லை. எனக்கோ நனைவதற்குள் போய்ச் சேரும் அவசரம். வளைவில் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தேன், அவ்வளவுதான். முழங்கை உரிந்தது. தலைக்கவசத்தில் ஆழமான கீறல். வாரைப் பூட்டியிருந்ததால் கவசம் கழன்று ஓடவில்லை.

பட்டறைக்காரர் முன் டயரைத் தடவிப் பார்த்தார். “என்ன தம்பி, மொட்டையா இருக்கு! இதை மாத்தாம எப்படி ஓட்டுனீங்க?” அடிபட்ட கவசத்தையும் மீண்டும் அணியக்கூடாது என்றார். டயரும், சிரிம் முத்திரையுள்ள புதுக் கவசமும் என் பகுதி நேரச் சம்பளத்தை விழுங்கின.

இப்போது வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, இரண்டு பிரேக்கையும் மெதுவாகப் பிடிக்கிறேன். தூறினால் பாதையோர மழைக்கூரையில் ஒதுங்கி, “நிற்கிறேன்” என்று அம்மாவுக்குச் செய்தி அனுப்புகிறேன். முதல் வகுப்புக்குச் சில நாள் தாமதம்தான்.