படியெடுத்தலும் காத்திருத்தலும்

மாணவர்களே! கணிப்பொறியில் நாம் இரு பொருள்களைப் படியெடுப்பதாகக் கொள்வோம். ஒன்று, 1,000 மெகாபைட் அளவுள்ள ஒரே திரைப்படக் கோப்பு. மற்றொன்று, ஒவ்வொன்றும் 100 கிலோபைட் அளவுள்ள 10,000 நிழற்படக் கோப்புகள். இரண்டின் மொத்த அளவும் ஒன்றே. ஆயினும் முன்னது விரைவில் முடிந்துவிடுகிறது. பின்னதோ நெடுநேரம் நம்மைக் காத்திருக்கச் செய்கிறது. சுமை ஒன்றாயிருக்கக் காலம் மட்டும் வேறுபடுவது ஏன்? அதற்குரிய விடை, கோப்புகள் எழுதப்படும் முறையிலே அமைந்துள்ளது.

கணிப்பொறியின் வட்டினை எண்ணற்ற சிறு கட்டங்களாகப் பகுக்கப்பட்ட ஒரு பண்டசாலைக்கு ஒப்பிடலாம். இக்காலத்தில் ஒரு கட்டம் பெரும்பாலும் 4 கிலோபைட் கொள்ளும். எக்கோப்பின் எப்பகுதி எக்கட்டத்தில் உள்ளது, எக்கட்டங்கள் வெறுமையாய் உள்ளன என்பவற்றையெல்லாம் கணக்கிட்டுக் காக்கும் ஏற்பாடே கோப்பு முறைமை எனப்படும். பண்டசாலைக்கு ஒரு மூட்டை வந்தால் அதனை இறக்கி வைப்பதோடு கணக்கரின் வேலை முடிவதில்லை. பேரேட்டில் அதன் பெயரை எழுதவேண்டும். வைத்த இடத்தைக் குறிக்கவேண்டும். வெற்றிடப் பட்டியலிலிருந்து அவ்விடத்தை நீக்கவேண்டும். மூட்டை பெரிதாயினும் சிறிதாயினும் இவ்வேலைகளை விடமுடியாது. ஆகவே, 10,000 சிறு கோப்புகள் வந்தால் கணக்கெழுதும் வேலையும் 10,000 முறை நிகழ்கிறது.

சுழலும் வட்டில் இவ்வேலை எத்துணைக் காலத்தை விழுங்கும் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் வட்டு ஒருமுறை சுற்றுவதற்கு ஏறத்தாழ 8.3 மில்லி வினாடி ஆகும். எழுதும் முனை உரிய தடத்திற்கு நகர்ந்து, உரிய இடம் சுழன்று வரும்வரை காத்திருக்க, ஏறத்தாழ 10 மில்லி வினாடி என்று வைத்துக்கொள்வோம். ஒரு கோப்புக்கு முனை மும்முறை நகர்ந்தால், 10,000 கோப்புகளுக்கு 30,000 நகர்வுகள். அவற்றிற்கு மட்டும் 300 வினாடிகள், அதாவது ஐந்து நிமிடம். வினாடிக்கு 100 மெகாபைட் எழுதவல்ல அதே வட்டு, அடுத்தடுத்த இடங்களில் ஒரே பெருங்கோப்பை எழுதுமாயின் பத்தே வினாடியில் முடித்துவிடும். காலத்தைக் கொள்ளை கொள்வது எழுதும் வேலையன்று. இடந்தேடி அலையும் வேலையே என்பது இதனால் விளங்கும்.

இக்குறையை ஆராய்ந்து களைந்தவர்களுள் அமெரிக்காவின் பெர்க்லியிலிருந்த கலிபோர்னியாப் பல்கலைக்கழக அறிஞர்கள் குறிப்பிடத்தக்கவர்கள். மெக்கூசிக், ஜாய், லெஃப்லர், ஃபேப்ரி என்னும் நால்வர் 1984-இல் வெளியிட்ட கட்டுரையில் பழைய யுனிக்ஸ் முறைமையின் நிலையை எடுத்துக்காட்டினர். அம்முறைமை புதிதாய் அமைக்கப்பட்டபொழுது வினாடிக்கு 175 கிலோபைட் வரை தந்தது. சில வாரப் பயன்பாட்டிற்குப் பின் அது 30 கிலோபைட்டாகத் தாழ்ந்தது. கோப்புகளை ஆக்குவதும் அழிப்பதுமாயிருக்க, வெற்றுக் கட்டங்கள் அங்குமிங்கும் சிதறிப்போனமையே அதற்குக் காரணம். அவர்கள் கட்டத்தின் அளவைப் பெருக்கினர். ஒரு கோப்பின் பகுதிகளையும் அதற்குரிய குறிப்பையும் அருகருகே வைக்க வகைசெய்தனர். அதன் பயனாக வட்டின் திறனில் 47 விழுக்காடு வரை பயன்கொள்ள முடிந்தது. வட்டு அதேதான்; ஒழுங்கு மட்டுமே புதிது.

இனி மற்றொரு வியப்பைக் காண்போம். பென்டிரைவில் ஒரு பெரிய கோப்பைப் படியெடுக்கும்பொழுது, தொடக்கத்தில் அது மிக விரைவாகச் செல்வதுபோல் தோன்றிப் பின்னர்த் தளர்ந்துவிடுவது உண்டு. கணிப்பொறி, வந்த செய்தியை உடனே எழுதாமல் முதலில் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்வதே இதற்குக் காரணம். நினைவகம் மிக விரைவானது. அங்கே சேர்ந்தவற்றை ஒழுங்குபடுத்தி, பல சிறு வேலைகளை ஒன்றாக்கிப் பின்னர் எழுதினால் அலைச்சல் குறைகிறது. லினக்ஸ் முறையில், எழுதப்படாத செய்தி 30 வினாடி கடந்தால் எழுதப்படவேண்டும் என்பது வழக்கமான ஏற்பாடு. நினைவகத்தில் அதற்கென அளித்த இடம் நிறைந்துவிட்டால் பென்டிரைவின் உண்மையான வேகமே எஞ்சுகிறது. தோன்றியது கடன் வாங்கிய வேகம். தளர்ந்தது சொந்த வேகம்.

இங்கேதான் இடர் ஒன்று ஒளிந்திருக்கிறது. திரையில் வேலை முடிந்ததாகத் தோன்றினும், கோப்பின் ஒரு பகுதி இன்னும் நினைவகத்திலேயே இருக்கக்கூடும். அந்நேரத்தில் மின்சாரம் நின்றாலோ பென்டிரைவைப் பிடுங்கினாலோ அப்பகுதி அழிந்துபோகும். ஆண்டு முழுதும் உழைத்து எழுதிய ஆய்வேடு அரைகுறையாய் நிற்கும். பேரேடு பாதி எழுதப்பட்ட நிலையில் நின்றுவிட்டாலோ, பிற கோப்புகளுக்கும் கேடு நேரலாம்.

இத்தகைய கேட்டைத் தடுக்கும் வழியை நம் வணிகர்கள் நன்கறிவார்கள். அவர்கள் அன்றாட வரவு செலவை முதலில் சிட்டையில் குறித்துக்கொண்டு, பின்னரே பேரேட்டில் பதிவார்கள். 1993-இல் வந்த விண்டோஸ் என்.டி. முறையிலும், 2001-இல் லினக்ஸில் சேர்ந்த எக்ஸ்ட்-3 முறைமையிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. செய்யப்போகும் மாற்றத்தை முதலில் குறித்துக்கொள்வதால், இடையில் தடை நேரினும் அக்குறிப்பைக் கொண்டு கணக்கைச் சீர்செய்யலாம். ஆனால் இருமுறை எழுதுவதால் வேகம் குறையும். ஆகவே, வழக்கமாகப் பேரேட்டு மாற்றங்களை மட்டும் சிட்டையில் குறித்து, கோப்பின் உள்ளடக்கத்தை ஒரேமுறை எழுதுகின்றனர். பேரேடு இவ்வாறு காக்கப்படினும், நினைவகத்தை விட்டு வெளிவராத எழுத்தை எச்சிட்டையாலும் மீட்கவியலாது.

மாணவர்களே! பல சிறு கோப்புகளை அனுப்ப நேர்ந்தால் அவற்றை ஒரே பொதியாகக் கட்டி அனுப்புங்கள், வேலை விரையும். பென்டிரைவை எடுக்குமுன், அதனைப் பாதுகாப்பாக வெளியேற்றும் கட்டளையைக் கொடுத்து, விடை வரும்வரை பொறுத்திருங்கள். அச்சில வினாடிகள் வீண்போகின்றன என்று கருதாதீர்கள். அப்பொழுதுதான் உங்கள் உழைப்பு நினைவகத்தினின்றும் நீங்கி நிலையான இடத்தை அடைகிறது. விரைவு வேண்டத்தக்கதே, எனினும், எழுதியது நிலைத்தபின்னரே எழுதியதாகும்.