உங்களுக்குத் தெரியுமா? பழைய வண்டியா, புது வண்டியா?

தேங்காய்க்கு நல்ல விலை கிடைத்துவிட்டால் பொள்ளாச்சிப் பக்கம் வீட்டுப் பேச்சு புது காரில் வந்து நிற்கும். பத்துப் பதினைந்து வருஷம் உழைத்த வண்டி ஷெட்டில் நிற்கும்போதே அட்வான்ஸ் தொகை கைமாறிவிடும். நன்றாக ஓடுகிற வண்டியை வயதைச் சொல்லிக் கைவிட வேண்டியதில்லை என்பதே இந்தப் பக்கத்தின் கட்சி. எப்போது விட்டுத்தான் ஆகவேண்டும் என்பதும் கீழே இருக்கிறது.

பொள்ளாச்சி – பழனி, ஒரே ஒரு பஸ்
கோவை தந்த மேதை ஜி.டி. நாயுடு 1920-ல் ஒரு பஸ்ஸை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அவருடைய யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் பஸ் கம்பெனி வளர்ந்தது அந்த ஒற்றை வண்டியிலிருந்துதான். அவர் குடும்பத்தார் பாதுகாத்துவந்த பழங்கால கார்களை, கோவை அவிநாசி சாலையில் 2015-ல் திறந்த ஜீடி கார் அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம்.

பழைய வண்டிக்குக் கடன் கொடுத்த ஊர்
1931-ல் பொள்ளாச்சி நாச்சிமுத்து கவுண்டர் தொடங்கியது ஆனைமலைஸ் பஸ் டிரான்ஸ்போர்ட், அதாவது ஏ.பி.டி. அதே குழுமத்திலிருந்து 1955-ல் 'பொள்ளாச்சி கிரெடிட் சொசைட்டி' பிறந்தது. 1967-ல் அதன் பெயர் சக்தி ஃபைனான்ஸ் ஆனது. ஏற்கெனவே ஓடிய லாரி, டெம்போக்களுக்குக் கடன் கொடுப்பதே அதன் முக்கியத் தொழில். பழைய வண்டியை நம்பிப் பணம் போடலாம் என்பது இந்த மண்ணுக்குப் பழகிய கணக்கு.

15 வருஷம் ஆனால் வண்டி செத்துவிடாது
சொந்த உபயோகக் காரின் ஆர்.சி. 15 வருஷத்துக்குச் செல்லும். பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டி எஃப்.சி. வாங்கினால், ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். டெல்லி வட்டாரத்துக்கென்று வந்த '10 வருஷ டீசல், 15 வருஷ பெட்ரோல்' கட்டுப்பாட்டைக் கேட்டு, பொள்ளாச்சியின் டி.என். 41 நம்பர் வைத்திருப்பவர் பதற வேண்டாம்.

புதுப்பிக்க எவ்வளவு?
2022 ஏப்ரல் முதல், 15 வருஷம் தாண்டிய காருக்கு ஆர்.சி. புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய். 20 வருஷம் தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். இதோடு பசுமை வரி தனி. காலாவதிக்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். தள்ளிப்போட்டால் காருக்கு மாதம் 500 ரூபாய் கூடிக்கொண்டே போகும்.

புது வண்டிக்கு வரி மட்டும்
2023 நவம்பருக்குப் பின் தமிழ்நாட்டில் ஆயுட்கால வரி: 5 லட்சம் வரையான காருக்கு 12%, 10 லட்சம் வரை 13%, 20 லட்சம் வரை 18%, அதற்கு மேல் 20%. 8 லட்ச ரூபாய் காருக்கு ஒரு லட்சத்து நாலாயிரம் வரியாகவே போகும். பழைய காருக்கு எஞ்சின் வேலை செய்யக் கேட்கும் தொகையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நின்றாலும் கரையும் பணம்
இன்சூரன்ஸ் கணக்கில் புது காரின் மதிப்பு ஆறு மாதத்துக்குள்ளேயே 5% கழிகிறது. ஒரு வருஷம் முடிவதற்குள் 15%, ஐந்தாம் வருஷத்தில் 50%. அந்தக் கணக்கின்படி 8 லட்ச ரூபாய் வண்டி ஐந்து வருஷத்தில் 4 லட்சம் இழக்கிறது, அதாவது வருஷத்துக்குச் சராசரி 80,000. கடனில் வாங்கியிருந்தால் மாத டியூவில் உள்ள வட்டி வேறு. உங்கள் பழைய வண்டி வருஷத்துக்கு 80,000 ரூபாய்க்குச் செலவு வைக்கிறதா என்று பில்களை எடுத்துக் கூட்டிப் பாருங்கள்.

வரிக் குறைப்பு இரண்டு பக்கமும்
2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18% ஆனதைப் பற்றி ஊரே பேசியது. அதே நாளில், 28% வரி கட்டிவந்த உதிரிப் பாகங்களும் கார் டயர்களும் 18%க்கு இறங்கின. புது வண்டி மலிவானபோது பழைய வண்டியின் பராமரிப்பும் மலிவானது.

ஆம்னி காப்பாற்றிய 800
1983 டிசம்பரில் வந்த மாருதி 800-ன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. அதே 796 சி.சி. எஞ்சினோடு ஆம்னி வேன் 2019 வரை வந்துகொண்டிருந்ததால் சாமான் கிடைப்பது அறுபடவில்லை. பழைய கார் வாங்கும்போது மாடலின் வயதைவிட, அந்த எஞ்சின் வேறு எந்த வண்டிகளில் ஓடுகிறது என்று விசாரிப்பதே புத்திசாலித்தனம்.

அதே எஞ்சின், ரேஸ் காரில்
கோவையைச் சேர்ந்த எஸ். கரிவர்தன் மாருதி 800 எஞ்சினை வைத்து 'ஃபார்முலா மாருதி' பந்தயக் காரை உருவாக்கினார். குடும்பக் கார் எஞ்சினில் இந்திய இளைஞர்கள் குறைந்த செலவில் பந்தயம் பழகினார்கள். கோவையை அடுத்த செட்டிபாளையம் 'கரி மோட்டார் ஸ்பீட்வே' அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மூடியைக் கழற்றிப் பாருங்கள்
எஞ்சின் ஆறியிருக்கும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றித் திருப்புங்கள். அடியில் மோர் திரண்டதுபோல வெளுத்த பசை அப்பியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்கச் சொல்லுங்கள். பிறகு வண்டியை ஸ்டார்ட் செய்து சைலன்சரைப் பாருங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் கூலன்ட் உள்ளே போகிறது. கறுப்புப் புகை என்றால் எரிபொருள் சரியாக எரியவில்லை. செகண்ட் ஹாண்ட் வண்டி பார்க்கப் போகிறவர் இவ்வளவையும் பத்து நிமிஷத்தில் தாமே பார்த்துவிடலாம்.

வால்பாறைக்கு முன்
ஆழியாறு தாண்டினால் வால்பாறை மலைப்பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை கொண்டது. ஈரம் ஏறிய ஆயில் சீக்கிரம் கொதித்து ஆவியாகும், பெடல் உள்ளே போய்விடும். பொதுவாக இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தையும் படியுங்கள். 2319 என்றிருந்தால் 2019-ம் வருஷம் 23-வது வாரம் செய்த டயர். பட்டன் தேயாவிட்டாலும் பழைய ரப்பர் வெடித்துப்போகும்.

பெட்ரோல் மாறிவிட்டது
இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20% எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வடிவமைப்புக் கார்களில் மைலேஜ் 6 முதல் 7% வரை குறையலாம் என்று நிதி ஆயோக் 2021 அறிக்கையே மதிப்பிட்டது. எத்தனால், பழைய வகை ரப்பர் ஹோஸ்களையும் கேஸ்கெட்டுகளையும் சீக்கிரம் கெடுக்கும். அவற்றை மாற்ற ஆகும் செலவு சிறியது. மாற்றாமல் விட்டு பெட்ரோல் கசிந்தால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

மண்ணெண்ணெயில் ஓடிய யாழ்ப்பாணம்
1990-களில் போர்க்காலத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு. பழைய மொரிஸ் மைனர், ஆஸ்டின் கார்களைத் துளி பெட்ரோல் விட்டு ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். எளிய கார்புரேட்டர் எஞ்சின்கள் என்பதால்தான் அது முடிந்தது. அங்கிருந்த மெக்கானிக்குகளின் திறமை ஒரு சமூகத்தின் போக்குவரத்தையே தாங்கிப் பிடித்தது.

48 லட்சம் கிலோமீட்டர்
அமெரிக்கப் பள்ளி ஆசிரியர் இர்வ் கார்டன் 1966-ல் வாங்கிய வால்வோ பி1800 காரில், 2013-ல் 30 லட்சம் மைலைத் தொட்டார். அது 48 லட்சம் கிலோமீட்டருக்கும் மேல். ஒரே உரிமையாளர் என்ற வகையில் கின்னஸ் சாதனை. சர்வீஸ் புத்தகத்தைத் தவறாமல் பின்பற்றியதையே அவர் காரணமாகச் சொல்லிவந்தார்.

50 வயதுக்கு மரியாதை
முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டி, பெரிய மாற்றம் செய்யாத கார்களையும் பைக்குகளையும் 'விண்டேஜ்' என்று பதிவு செய்ய 2021-ல் விதி வந்தது. கட்டணம் 20,000 ரூபாய், பதிவு 10 வருஷத்துக்குச் செல்லும். நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். ஆனால் இப்படிப் பதிந்த வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கு எடுக்கக் கூடாது.

போனஸை விட்டுவிடாதீர்கள்
கிளெய்ம் வாங்காமல் சேர்த்த நோ கிளெய்ம் போனஸ் 50% வரை ஏறும். அது வண்டிக்குச் சொந்தமல்ல, உங்களுக்குச் சொந்தம். பழைய காரை விற்கும்போது இன்சூரன்ஸ் கம்பெனியிடம் சான்று வாங்கிக்கொண்டால் மூன்று வருஷத்துக்குள் புது காரின் பாலிசியில் கழித்துக்கொள்ளலாம்.

விற்றாலும் தலைவலி
வண்டியைக் கொடுத்துப் பணம் வாங்கிவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் நவீன்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. படிவம் 29, 30 போட்டுப் பெயர் மாறியதைக் கண்ணால் பார்த்த பிறகே நிம்மதியாக இருங்கள்.

விட்டுத்தான் ஆகவேண்டிய வண்டி
எஞ்சினுக்கு மறுபிறவி உண்டு, அரித்துப்போன சேசிஸுக்கு இல்லை. அடிப்பக்கம் ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டும்போது கணீரென்று கேட்காமல் பொதபொதவென்று உதிர்ந்தால் அந்த வண்டியில் குழந்தைகளை ஏற்றாதீர்கள். பழைய கார்கள் பலவற்றில் ஏர்பேக் கிடையாது. முன்சீட் இரண்டுக்கும் ஏர்பேக் கட்டாயமானது 2021-ல்தான். வாரம் தவறாமல் நான்குவழிச் சாலையில் குடும்பத்தோடு போகிறவர் புது வண்டிக்குப் பணம் போடுவது நியாயமான செலவு. தோப்புக்கும் சந்தைக்கும் போய்வர நல்ல பழைய வண்டி தாராளமாகப் போதும்.

இரும்புக் கடைக்குப் போடாதீர்கள்
ஆயுள் முடிந்த வண்டியை அரசு பதிவு பெற்ற உடைப்பு மையத்தில் ஒப்படைத்தால் 'சர்டிஃபிகேட் ஆஃப் டெபாசிட்' தருவார்கள். அதைக் காட்டிப் புது சொந்த உபயோக வண்டி வாங்கினால் சாலை வரியில் 25% வரை சலுகை தர மத்திய அரசின் விதி இடம் கொடுக்கிறது. ஆர்.சி.யை ரத்து செய்யாமல் எடைக்குப் போட்ட வண்டியின் நம்பர் வேறொரு வண்டியில் ஓடினால், போலீஸ் தேடி வருவது உங்கள் வீட்டுக்குத்தான்.