காடு காத்தவனுக்குக் காசில்லையா?

ஒருபுறம் கோடரி, மறுபுறம் மண்கொத்தி, இரண்டுக்கும் ஒரே காம்பு! அமெரிக்க நாட்டுக் காட்டுத் தீயணைப்புத் தொழிலாளி இன்றும் தோளில் சுமக்கும் கருவி இது. பெயர் புலாஸ்கி. அது ஒரு மனிதனின் பெயர் என்பதைத் தோழர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

எட் புலாஸ்கி கல்லூரி கண்டவரல்லர். சுரங்கத்திலும் பண்ணையிலும் உழைத்துக் காய்த்த கை அவருடையது. 1908-இல், நாற்பதை எட்டிய வயதில், அய்டகோ மாநிலத்து வாலஸ் நகரில் காட்டுக் காவலராகச் சேர்ந்தார். அவர் சேர்ந்த துறைக்கு அப்போது மூன்றே வயது. காடு மக்கள் சொத்து, மரச் சீமான்களின் மடியில் விழலாகாது என்றது அத்துறை. பொறுப்பார்களா சீமான்கள்? அவர்களுக்காக வாதாட அவையிலே ஆளிருந்தது. துறைக்கு நிதி சுருங்கிற்று!

1910 ஆகஸ்ட் 20. சூறைக்காற்று வீசிற்று. சிதறிக் கிடந்த தீயெல்லாம் சேர்ந்து பெருந்தீயாயிற்று. இரண்டே நாளில் 30 இலட்சம் ஏக்கர் சாம்பல்! தீயணைக்கப் போனோர் மட்டும் 78 பேர் மாண்டனர்.

புலாஸ்கி என்ன செய்தார்? சுமார் 45 தொழிலாளரைப் புகைக்குள் நடத்திச் சென்று பழைய சுரங்கம் ஒன்றில் புகுத்தினார். வாயிலில் நனைந்த கம்பளிகளைத் தொங்கவிட்டார். கம்பளி எரிந்தது, தொப்பியில் நீர் மொண்டு ஊற்றினார். மூச்சு முட்டிய ஒருவன் வெளியே பாய முற்பட்டான். வெளியே போகிறவனைச் சுடுவேன் என்று துப்பாக்கியை நீட்டினார். கொடுமையா? இல்லை, வெளியே நின்றது சாவு! இறுதியில் அவரே மயங்கி விழுந்தார். விடிந்தபோது ஐவர் பிணமாயினர். மற்றவர் அனைவரும் பிழைத்தனர்.

ஒரு கண்ணில் பார்வை போயிற்று. நுரையீரல் கெட்டது. அரசு என்ன தந்தது? கண் சிகிச்சைக்குக்கூடக் காசு தரவில்லை! அப்படியும் 1930 வரை பணியில் இருந்தார். மாண்ட தோழர்களின் கல்லறைகளைத் தாமே பேணினார். 1923-இல் ஒரு பத்திரிகை நடத்திய கட்டுரைப் போட்டிக்கு அந்த இரவின் கதையை எழுதி அனுப்பினார். பரிசு 500 டாலர். காடு காத்தவன் கண்ணுக்காகக் கதை எழுதினான், தோழர்களே!

அந்தத் தீயைக் கண்டு அஞ்சிய துறை, எந்தத் தீயையும் எரியவிடாதே என்றது. கண்ட தீயை மறுநாள் காலை 10 மணிக்குள் அடக்க வேண்டும் என 1935-இல் விதியே செய்தது. சிறு தீ தின்ன வேண்டிய சருகும் புதரும் காட்டில் குவிந்தன. இன்று பூமி சூடேறுகிறது, அந்தக் குவியல் காய்கிறது, தீக்காலம் நீள்கிறது. கரியை உண்டு காற்றைக் காக்கும் காடே, எரியும்போது கரியைக் கக்குகிறது. ஆகவே புதரை வெட்டவும், காலமறிந்து அளவாகத் தீயிடவும் ஆள் வேண்டும். 19 கோடி ஏக்கருக்கு மேல் விரிந்த நிலமல்லவா!

ஆனால் 2025 பிப்ரவரியில் அதே துறை, பணி உறுதிபெறாத ஊழியரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை வீட்டுக்கு அனுப்பிற்று. தீயணைக்கப் பயிற்சி பெற்றோர் அவர்களுள் பலர். தற்காலிகமாகத் திரும்ப அழையுங்கள் என்று மார்ச்சில் வாரியம் ஒன்று ஆணையிட வேண்டி வந்தது. கோடைக்கு அப்போது மூன்றே மாதம்.